பைஸ்டாண்டர் எப்போது தூங்குவது?

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் குமரி மாவட்டத்துக்காரர்கள் வாயில் வெறும் ‘ஆர்.சி.சி.’தான். அங்கே நோயாளிக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, ஃபைல் உண்டு. கூட வந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர்: பைஸ்டாண்டர். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி வந்த அந்தச் சொல் இங்கே வீடுகளுக்குள்ளும் புழங்குகிறது. “இன்னைக்கு ராத்திரி ஆரு பைஸ்டாண்டர்?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் என்று அர்த்தம். நிற்பதைச் சொல்லியிருக்கிறது, படுப்பதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. இந்தப் பதிவு முழுக்க அவர் படுப்பதைப் பற்றியது.

பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது வாசலில் நின்று சொல்வது ஒன்றுதான்: “நீ தைரியமா இரு மக்ளே.” சொல்பவர் மனதில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் தைரியத்தை எங்கிருந்து எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. எரிந்து விழுவது, சின்ன விஷயத்துக்கு அழுவது, கொடுத்த மாத்திரையையே திரும்பக் கொடுக்கப் போவது, சாப்பாட்டில் உப்பு போட்டோமா என்று நினைவில்லாமல் போவது, இவற்றையெல்லாம் மனம் தளர்ந்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் அது தூக்கக் கடன். கவனித்துக்கொள்கிறவரின் மனநிலையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், கடந்த ஒரு வாரத்தில் அவர் இடையில் எழாமல் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்க வேண்டும். நாலு மணி நேரம்கூடத் தொடர்ச்சியாக இல்லை என்றால் ஆறுதல் வார்த்தையை விட ஒரு ராத்திரி மாற்று ஆள்தான் தேவை.

முதல் வேலை காலண்டரில். நிறைய கீமோ மருந்துகள் 21 நாளைக்கு ஒரு சுற்று. சில வாரம் ஒருமுறை, சில 14 நாளைக்கு ஒருமுறை. 21 நாள் சுற்று என்றால் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் மருந்து ஏற்றிய நாளை 1 என்று எழுதி 21 வரை எண் போடுங்கள். அந்த மூன்று வாரமும் ஒரே மாதிரி இருக்காது. முதல் நாலைந்து நாள் வாந்தி, குமட்டல், சோர்வு. ஏழாம் நாள் முதல் பதினாலாம் நாள் வரை ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். மூன்றாவது வாரம் நோயாளி எழுந்து உட்கார்ந்து, திண்ணையில் போய் நாலு பேரோடு பேசுவார்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கணக்கு தப்புகிறது. மூன்றாவது வாரம் வந்ததும் பைஸ்டாண்டர் என்ன செய்கிறார்? குவிந்துகிடக்கும் துணி, பேங்க் வேலை, ரேஷன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், போகாமல் விட்ட துட்டி வீடு என்று எல்லாவற்றையும் அந்த ஏழு நாளில் முடிக்கப் பார்க்கிறார். இருபத்திரண்டாம் நாள் அடுத்த சுற்றுக்குப் போகும்போது நோயாளி கொஞ்சம் தெளிந்திருக்கிறார், இவர் முதல் சுற்றை விடக் களைத்திருக்கிறார். ஆறு சுற்று இப்படியே போனால் நாலாவது சுற்றில் உடைவது இவர்தான். மூன்றாவது வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ போய்ப் படுக்க வேண்டும். சொந்த ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பது, வலிக்கிற பல்லைக் காட்டுவது எல்லாம் அந்த வாரத்துக்கு உரியவை.

முதல் வாரத்தில் வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். எழுதித் தந்த நேரத்துக்கு முன்கூட்டியே கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அடுக்களையில் சாளை பொரிக்கிற வாசனையே குமட்டலைக் கிளப்பிவிடும், அந்த நாலு நாள் மீன் வேண்டாம். கீமோ ஏற்றி 48 மணி நேரம் வரை வாந்தி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், கழிப்பறைக் கோப்பையின் மூடியைப் போட்டுவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலை அவருக்கு வேண்டாம்.

இரண்டாவது வாரத்தில் பயப்பட வேண்டிய எண் ஒன்று: 100.4 டிகிரி. செல்சியஸில் 38. அந்த அளவு காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, வேறு எதுவோ, எங்கே போவது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதல் சுற்றிலேயே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், கீமோ சீட்டின் நகல், காப்பீட்டு அட்டை, இரண்டு மாற்றுத்துணி, சார்ஜர் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பின்னால் தொங்கட்டும். இதில் நோயாளியின் நலன் இருப்பது போலவே பைஸ்டாண்டரின் தூக்கமும் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எழ வேண்டும் என்று தெரிந்தவர் மற்ற நேரம் கண்ணை மூடுவார். தெரியாதவர் ஒவ்வொரு முனகலுக்கும் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கதிர்வீச்சில் காலண்டர் வேறு. வாய், தொண்டைப் புற்றுக்கு வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம் போகும். மூன்றாவது வாரத்தில் வாய் வெந்து எரியத் தொடங்கி, கடைசி நாளுக்குப் பிறகும் சில வாரம் அப்படியே நிற்கும். லீவை எல்லாம் முதல் மாதத்திலேயே தீர்த்துவிட்டு, “முடிஞ்சாச்சு” என்று வீட்டுக்கு வந்தபின் தவிக்கிறவர்கள் அநேகம். லீவில் பாதியைக் கடைசிக்கு வையுங்கள். வாய் கொப்பளிக்க, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவும் கலந்து, நாளுக்கு நாலைந்து முறை. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

இனி ராத்திரி. ராத்திரி எழுப்புவது பெரும்பாலும் மூன்று: வலி, புரட்டிப் படுக்க வைப்பது, வயிறு.

வலிக்குச் சாதாரண மார்ஃபின் மாத்திரை தந்திருந்தால் அது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, அப்புறம் நள்ளிரவு 2. அந்த இரண்டு மணி டோஸ்தான் பைஸ்டாண்டரைக் கொல்கிறது. படுக்கப் போகும்போது இரட்டை டோஸ் கொடுத்து இரண்டு மணி டோஸை விட்டுவிடும் வழக்கம் வலிநிவாரண மருத்துவத்தில் பல காலமாக இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் மெல்லக் கரையும் மாத்திரையும் உண்டு (அதைப் பொடித்துக் கொடுத்தால் ஆபத்து). இரண்டையும் நீங்களாகச் செய்யக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் “ராத்திரி இரண்டு மணிக்கு எழ முடியல, வேற வழி உண்டா?” என்று கேட்க நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்காததால்தான் பல வீடுகளில் அந்த அலாரம் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறது. மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்து டோஸைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. வலிக்கு, சொன்ன அளவில் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமாக இருப்பது சகஜம். தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்கியிருக்க வேண்டும். சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள். மூன்று நாள் வயிறு போகாமல் இருந்தால் நாலாம் நாள் ராத்திரி நோயாளி புரண்டுகொண்டே இருப்பார், காரணம் தெரியாமல் வீடே விழித்திருக்கும்.

எழ முடியாதவரைப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் விதி. காற்று மெத்தை இருந்து, தோல் சிவக்காமல் இருந்தால், ராத்திரியில் அந்த இடைவெளியை நாலு மணி நேரமாக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். புரட்டுவதிலும் ஒரு முறை உண்டு. கட்டிலின் நாலு காலுக்கும் அடியில், அகலமான, காலுக்குக் குழிவெட்டிய மரக்கட்டை வைத்து, மெத்தை உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரும்படி செய்யுங்கள். ஒரு பழைய இரட்டை வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி நோயாளிக்கு அடியில் விரித்து வையுங்கள். திருப்ப வேண்டிய பக்கத்தில் நின்று, ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி, எதிர்ப்பக்க வேட்டி முனையைப் பிடித்து உங்கள் உடம்புக்கு நெருக்கமாக இழுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவருக்குத் தோள் போகும், உங்களுக்கு நடுமுதுகு போகும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முப்பது டிகிரி சாய்வு போதும், முழுசாக ஒருக்களிக்க வேண்டாம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை. சரியாகப் பழகினால் இரண்டு நிமிஷ வேலை. முதுகு பிடித்துக்கொண்ட பைஸ்டாண்டருக்கு மாற்றாக யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் மரக்கட்டைக்கு ஆகும் செலவு பெரிதாகத் தெரியாது.

ராத்திரியை இரண்டாக வெட்டுவது அடுத்தது. ஒன்பது முதல் இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து விடியும்வரை இன்னொருவர். “ரெண்டு பேருமே முழிச்சிருப்போம்” என்பது பாசம்தான், ஆனால் காலையில் இரண்டு பேருமே உதவாமல் போவார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் எப்படியும் விடியுமுன் எழுகிறவர். எட்டு மணிக்கே அவரைப் படுக்க அனுப்பிவிட்டால் இரண்டு மணி டோஸும் ஒரு புரட்டலும் அவர் கணக்கில் சேரும். தன் முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். அதே அறையில் கீழே பாய் விரித்துப் படுப்பவர் தூங்குவதில்லை, காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறார்.

மாற்று ஆள் வந்தாலும் பைஸ்டாண்டர் நகராததற்குக் காரணம், எல்லாமே அவர் தலைக்குள் இருப்பதுதான். எந்த மாத்திரை எப்போது, குழாயில் எவ்வளவு, கடைசியாக எப்போது வயிறு போனது. பத்து ரூபாய் நோட்டுப்புத்தகம் ஒன்று இதை மாற்றும். பக்கம் இப்படி இருந்தால் போதும்:

செவ்வாய். காலை 6: மார்ஃபின் 1. 6.30: கஞ்சித் தெளிவு அரை டம்ளர். 8: வயிறு போகல (2-ம் நாள்). 10: மார்ஃபின் 1, காய்ச்சல் 98.8. 11: மட்டிப்பழம் பாதி. 12: இடதுபக்கம் திருப்பியாச்சு. 1: வலி கூடுதல்னு சொன்னாங்க, டாக்டர் எழுதித் தந்த கூடுதல் டோஸ் கொடுத்தாச்சு, அரை மணி நேரத்துல குறைஞ்சுது.

அழகான கையெழுத்து வேண்டாம். வருகிற சித்தியோ மைனியோ கடைசி ஆறு வரியைப் படித்தால் பொறுப்பை ஏற்கலாம். மருத்துவரிடம் போகும்போது “எப்படி இருக்காங்க?” என்ற கேள்விக்கு அழாமல் பதில் சொல்லவும் இந்த நோட்டுதான் உதவும்.

மூக்கு வழியே உணவு ஊட்டக் குழாய் போட்ட வீட்டில் இது இன்னும் முக்கியம். குழாயைத் தொடத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் கல்யாணத்துக்கும் போக முடியாது, காய்ச்சலில் படுக்கவும் முடியாது. குழாய் போட்ட நர்ஸிடமே இரண்டு பேராகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். தலைமாடு 45 டிகிரி உயர வேண்டும். குழாயில் மூக்கருகே உள்ள அடையாளம் இடம் மாறியிருந்தால் ஊட்டக் கூடாது. முதலில் 30 மில்லி தண்ணீர், பிறகு வடிகட்டிய உணவு சுமார் 200 மில்லி, தானாக இறங்கும் வேகத்தில் கால் மணி நேரம், மறுபடி 30 மில்லி தண்ணீர். அதன்பின் முக்கால் மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இருமினாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட வேண்டும். குழாய் அடைப்பதற்கு வழக்கமான காரணம், சரியாகப் பொடிக்காத மாத்திரையும் வடிகட்டாத பயற்றங்கஞ்சியும். இரண்டாவது ஆள் மூன்று முறை உங்கள் கண்முன் செய்த பிறகு, நாலாவது முறை நீங்கள் அந்த அறையிலேயே இருக்காதீர்கள்.

வாயால் சாப்பிடுகிறவர் வீட்டில் சண்டை பெரும்பாலும் சோற்றை வைத்துத்தான். “ரெண்டு வாய் தின்னு”, “வேண்டாம்”, “எனக்காகத் தின்னு”, கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டு இருவரும் அழுவது. பசி போவது நோயின் வேலை, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. பெரிய தட்டை எடுத்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் நாலைந்து கரண்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வெள்ளை அணு குறைந்த வாரத்தில் பழங்கஞ்சி வேண்டாம், அப்போது வடித்த சூடான கஞ்சி, நன்றாக வேகவைத்த முட்டை. கடைசிக் காலத்தில் உண்பதே நின்றுபோனால் நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்து ஈரமாக வைப்பதே உணவு கொடுப்பதற்குச் சமம். அப்போது வலிந்து ஊட்டினால் புரையேறும்.

பார்க்க வருகிறவர்களுக்கு வேலை கொடுங்கள். குமரியில் ஆள் வரத்துக்குப் பஞ்சமில்லை. ஜெபக்குழு வரும், ஊர் வரும், அப்பாவோடு படித்தவர் வருவார், எல்லாருக்கும் சாயா போடுவது பைஸ்டாண்டர். “எதாவது வேணும்னா சொல்லு” என்பவரிடம் குறிப்பாகச் சொன்னால்தான் நடக்கும்: “வியாழக்கிழமை ரெண்டு மணியிலேருந்து அஞ்சு வரைக்கும் அம்மாகிட்ட இருப்பியளா மாமி? நான் உறங்கணும்.” இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. ஜெபம் பத்து நிமிஷம், முடிந்ததும் ஒருவர் இரண்டு மணி நேரம் தங்கட்டும். சளி இருமல் உள்ளவர் வாசலோடு போகட்டும், இதற்குச் சங்கடப்பட வேண்டாம்.

கல்ஃபில் இருக்கும் மகனுக்கும் வேலை உண்டு. சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு ஒன்பது மணிக்கு அவன் கூப்பிடும்போது இங்கே பதினொன்றரை, அப்போதுதான் வீடு கண் அயர்ந்திருக்கும். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துத் தினமும் வாட்ஸாப்பில் போட்டுவிட்டு, நீண்ட பேச்சை வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள். செலவுக் கணக்கு, ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் செய்து அடுக்குவது, டிக்கெட் போடுவது எல்லாம் தூரத்திலிருந்தே முடியும். தூரத்தில் இருப்பவரின் குற்ற உணர்ச்சி பெரும்பாலும் “ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல?” என்ற கேள்வியாகத்தான் வெளியே வரும். கையில் வேலை இருந்தால் அந்தக் கேள்வி குறையும். கணக்கை ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தெரிய எழுதுங்கள். அடகு வைத்த நகை யாருடையது என்ற பேச்சு பதினாறாம் நாளுக்குப் பிறகு வரக் கூடாது.

பணத்தில் இரண்டு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகுமுன் அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி சான்று வேண்டும்.

“அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிராதீங்க” என்ற ரகசியம் பைஸ்டாண்டர் சுமப்பதில் மிகக் கனமானது. மற்றவர்கள் வந்து நடித்துவிட்டுப் போகிறார்கள், இவர் இருபத்துநாலு மணி நேரமும் நடிக்கிறார். பல நேரம் நோயாளிக்கும் தெரிந்திருக்கும், இவர் மனசு நோகக் கூடாதென்று அவரும் நடிப்பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “டாக்டர் சொல்றத உங்களுக்கும் சொல்லணுமா, இல்ல நான் கேட்டுக்கிட்டா போதுமா?” என்று கேட்டால் அவரே எல்லையைக் காட்டுவார். அதற்கு மேல் சொல்ல வேண்டாம், அந்த எல்லைக்குள் இருப்பதை மறைக்கவும் வேண்டாம்.

தூங்கியும் தெளியவில்லை என்றால் இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தது எத்தனை நாள்? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதிக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் 0 என்பார்கள், பதிலை டாஸ்மாக் பில் சொல்லும். சாகத் தோன்றுகிறது என்றால் காத்திருக்கவே வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். “இது சீக்கிரம் முடிஞ்சா தேவலை” என்று ஒருமுறை தோன்றிவிட்டதற்காகத் தன்னைப் பாவி என்று நினைத்துக் குமைபவர்கள் உண்டு. களைத்த மனிதர்களுக்கு அப்படித் தோன்றும்.

வலிநிவாரணக் குழுவைக் கடைசி வாரத்தில்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு நினைப்பு. கண்டுபிடித்த மாதமே கூப்பிடலாம். கேரளம் 2008-இல் இதற்கென்றே கொள்கை வகுத்தது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலிநிவாரண அமைப்பு திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. நம் பக்கம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணச் சேவையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிற நர்ஸிடம் நோயாளியின் புண்ணைக் காட்டிவிட்டு உங்கள் முதுகையும் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் உடம்பு சில வாரம் இரண்டு மணிக்கு எழும். படுத்துப் புரளாமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாள் எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், மெல்லச் சரியாகும். மிச்சமுள்ள மார்ஃபினை அலமாரியில் வைக்காமல் எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். காற்று மெத்தையையும் கொடுத்துவிடலாம், இன்னொரு வீட்டில் அதற்குக் காத்திருப்பார்கள். அந்தப் பத்து ரூபாய் நோட்டுப்புத்தகத்தை மட்டும் கொஞ்ச நாள் வைத்திருங்கள். தள்ளிப்போட்ட உங்கள் சர்க்கரைப் பரிசோதனைத் தேதியை அதன் அடுத்த வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.